வழக்குரை காதை: ஒரு மாணவியின் கட்டுரையும் அதன் இரண்டு வரைவுகளும்

மதுரையை அடுத்த ஒரு கலைக் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர், சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனின் அவையில் வழக்குரைக்கும் பகுதியான வழக்குரை காதை பற்றி அகமதிப்பீட்டுக்காக எழுதிக் கொடுத்த கட்டுரையின் முதல் வரைவையும், மூன்று வாரம் கழித்து அவரே எழுதிய இரண்டாம் வரைவையும் அருகருகே வைத்து இந்த நிகழ்வு ஆய்வை எழுதுகிறேன். அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன், பெயரைக் குறிப்பிடவில்லை. வகுப்பிலேயே மோசமான கட்டுரை என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்ததாக யாரும் எண்ண வேண்டாம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தலைப்புகள் நீல மையிலும் மேற்கோள்கள் கறுப்பு மையிலும் எழுதப்பட்டு, ஓரத்தில் பென்சில் கோடு போடப்பட்டிருந்தது. பள்ளித் தேர்வில் நிறைந்த மதிப்பெண் பெறுவதற்கான எல்லா அடையாளங்களும் அந்த ஆறு பக்கங்களில் இருந்தன. இத்தனை இருந்தும், எழுதியவர் வழக்குரை காதையைப் படித்தாரா என்பதைக் கட்டுரையைக் கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

நான் கொடுத்திருந்த தலைப்பு ‘வழக்குரை காதையில் பாண்டியனின் நீதி’ என்பது. மாணவி பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். பன்னிரண்டாம் வகுப்புவரை நெடுவினாவுக்கு விடை எழுதும் முறையில் நன்கு பழகியவர்: குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், இடையிடையே ஒரு குறள், பின்பு முடிவுரை. மூன்று மணி நேரத்தில் பல கேள்விகளுக்கு விடை எழுதவேண்டிய ஒருவருக்கு அந்த முறை கைகொடுக்கிறது. அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் விடை எழுதும் அந்த முறையையே நூலைப் படிக்கும் முறையாகவும் மாணவர் எடுத்துக்கொள்ளும்போது, நூல் கைக்கு வருமுன்பே கட்டுரையின் வடிவம் முடிவாகிவிடுகிறது. நூலில் இருப்பது அந்த வடிவத்துக்குள் அடங்கினால் உள்ளே வருகிறது. அடங்காதது வெளியே நின்றுவிடுகிறது.

முதல் வரைவு

கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘இலக்கியம் காலத்தைக் காட்டும் கண்ணாடி ஆகும். ஐம்பெருங்காப்பியங்களுள் தலைசிறந்ததும், உலக இலக்கியங்களுள் ஈடு இணையற்றதுமான சிலப்பதிகாரம் நம் நெஞ்சை அள்ளும் காப்பியமாகும்.’ இத்தகைய தொடக்கத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நூலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு காப்பியத்தின் பெயரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வாக்கியத்துக்கு எந்தச் சேதமும் நேரவில்லை என்றால், அந்த வாக்கியம் நூலைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று பொருள். இங்கே மணிமேகலையை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நின்றது. ‘நெஞ்சை அள்ளும்’ என்பது பாரதியின் சொல். அவர் பெயர் எங்கும் இல்லை. மாணவிக்கு அது பாரதியின் சொல் என்றே தெரிந்திருக்கவில்லை. எல்லோரும் சொல்லும் சொல்லாக அது அவர் காதில் விழுந்திருக்கிறது.

அதன்பின் ஒரு பக்கம் இளங்கோவடிகளின் துறவும் குணவாயிற்கோட்டமும். பிறகு மூன்றரைப் பக்கத்துக்குக் கதை: புகாரில் நடந்த மணம், மாதவி, கடற்கரையில் ஊடல், கவுந்தியடிகளோடு வழிநடை, மாதரி வீடு, பொற்கொல்லன், கொலை. சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் வழக்குரை காதை இருபதாவது. முந்தைய பத்தொன்பதையும் கடந்து அங்கே வந்து சேர்வதற்குள் மாணவிக்குத் தாளும் தீர்ந்துவிட்டது, பொழுதும் தீர்ந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். கதையைச் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தெரிந்த கதையை, அதனால் எந்த வாதமும் நகராதபோது, முழுவதும் திரும்பச் சொல்வது கட்டுரையின் வேலையை ஒத்திப்போடுவதாகவே முடிகிறது.

தகவல் பிழைகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அவை திருத்த எளியவை. தலைப்பிலேயே ‘வழக்குறை காதை’ என்று வல்லின றகரம் வந்திருந்தது. வழக்கு, உரை என்று பிரித்துக் காட்டியதும் மாணவியே திருத்திக்கொண்டார். ஒலிப்பதற்காகச் சிலம்புக்குள் இடுவது பரல்; கண்ணகியின் சிலம்பில் முத்துப் பரலும் கோப்பெருந்தேவியின் சிலம்பில் மாணிக்கப் பரலும் இருந்ததாக மாற்றி எழுதப்பட்டிருந்தது; வழக்கே அந்த வேறுபாட்டில் தீர்கிறது என்பதால் இது எழுத்துப்பிழையைப் போலச் சிறியது ஆகாது. இந்தப் பாண்டியன் நெடுஞ்செழியனும், மதுரைக்காஞ்சியின் தலைவனாகிய தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனும் ஒருவரே என்று எழுதப்பட்டிருந்தது. கண்ணகி மதுரை முழுவதையும் எரித்தாள் என்றும் இருந்தது. வழக்குரை காதையை அடுத்து வரும் வஞ்சினமாலையில் அவள் தீக்கடவுளிடம் ‘பார்ப்பார் அறவோர் பசுப் பத்தினிப்பெண்டிர் மூத்தோர் குழவி எனும் இவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க’ என்று எல்லை வகுத்துச் சொல்வது மாணவியின் கண்ணில் படவில்லை. மேற்கோளில் ‘நானோ அரசன் நானே கள்வன்’ என்று இருந்தது. நூலில் ‘யானோ’, ‘யானே’ என்றுதான் உள்ளது. மேடைகளில் கேட்ட நினைவிலிருந்து எழுதினேன் என்று பின்னர் சொன்னார்.

ஒரு பிழையை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ‘அடியார்க்கு நல்லார் இக்காதைக்கு உரைவிளக்கம் தரும்போது’ என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. சிலப்பதிகாரத்தின் பழைய உரையாசிரியரான அடியார்க்கு நல்லாரின் உரை இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அளவில், இதற்கு முந்தைய காதையான ஊர்சூழ் வரியோடு நின்றுபோகிறது. வழக்குரை காதைக்கு அந்த உரை கிடைக்கவில்லை. அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரை இருக்கிறது, பிற்காலத்தில் ந. மு. வேங்கடசாமி நாட்டார் எழுதிய உரை இருக்கிறது. மாணவி அந்த வாக்கியத்தை ஒரு நோட்ஸிலிருந்து எடுத்திருந்தார். உரையாசிரியரின் பெயரைச் சொன்னால் கட்டுரைக்குக் கனம் கூடும் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உரையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது கற்பிக்கப்படவில்லை. பெயரை மட்டும் சான்றாகக் காட்டும் பழக்கம் இளங்கலையில் திருத்தப்படாமல் விட்டால் ஆய்வேடுவரை வந்துவிடுகிறது என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான பிழை ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று என்று இளங்கோவடிகள் நீதியின் இலக்கணத்தை வகுத்துக் காட்டுகிறார்.’ அது இளங்கோவடிகளின் கூற்றே இல்லை. கண்ணகி தன் வழக்கைச் சொல்லி முடித்ததும், கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்று பாண்டியன் அவளுக்குத் தரும் விடை அது. இன்னும் சிறிது நேரத்தில் பொய்த்துப்போகவிருக்கும் விடை. பாத்திரத்தின் வாயில் வைக்கப்பட்ட சொல்லைப் புலவரின் கொள்கையாக எடுத்துக்கொள்வது மாணவர் கட்டுரைகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை. அகப்பாடல்களிலும் இப்படியே தலைவியின் புலம்பலைப் புலவரின் வாழ்க்கைத் துயரமாக எழுதிவிடுகிறார்கள். நம் மரபில் ஒவ்வொரு அகப்பாடலுக்கும் கீழே யார் கூற்று என்ற குறிப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு: யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பது தெரியாமல் அந்தப் பாடலுக்குப் பொருள் கொள்ள முடியாது. காப்பியத்துக்கு அத்தகைய குறிப்பு இல்லை. படிப்பவரே அதைத் தம் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. நான்காம் பக்கத்தில் பாண்டியன் ‘தீர விசாரிக்காமல் கொன்ற கொடுங்கோலன்’. ஆறாம் பக்கத்தில் அதே பாண்டியன் ‘நீதிக்காக உயிரையே தந்த செங்கோலன்’. இரண்டுக்கும் நடுவே ஒரு ‘மேலும்’ மட்டும் இருந்தது. இந்த முரண்தான் கட்டுரையிலேயே மிக உயிருள்ள பகுதி என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் இது மாணவியின் குழப்பம் மட்டும் இல்லை, காதையே நம் முன் வைக்கும் முடிச்சு. அவர் அதன்மேல் நின்றுகொண்டிருந்தார். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

ஓரக் குறிப்புகளின் குறை

இங்கே என் பக்கத்துக் குறையையும் பதிவுசெய்கிறேன். இதற்கு முன் பல ஆண்டுகள் இத்தகைய கட்டுரைகளின் ஓரத்தில் ‘ஆழம் போதாது’, ‘விளக்கம் தேவை’, ‘சுருக்கம் மிகுதி’ என்றே எழுதி வந்திருக்கிறேன். ஆழம் போதாது என்று படிக்கும் மாணவர் அடுத்த முறை இன்னும் இரண்டு மேற்கோளும் இன்னும் ஒரு குறளும் சேர்க்கிறார். எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லாமல் ஆழத்தைக் கேட்டால் வேறு என்ன செய்வார்? இந்த மாணவியின் தாளில் அப்படி எழுதவில்லை. ஐந்தாம் பக்கத்து வாக்கியத்தின் அருகே ‘இதைச் சொல்வது யார்?’ என்றும், நான்காம், ஆறாம் பக்கங்களுக்கு இடையே ‘இரண்டும் ஒரே ஆளா? எந்த அடியில் மாறுகிறான்?’ என்றும் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதினேன். மற்றப் பிழைகளை அந்தச் சுற்றில் தொடவில்லை. தாள் முழுவதும் சிவந்து கிடந்தால் எதை முதலில் பார்ப்பது என்று மாணவருக்குத் தெரியாமல் போகிறது. எளிதில் திருத்த முடிந்த எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்.

பிறகு ஒரு பிற்பகல் துறை அறையில் இருவரும் உட்கார்ந்தோம். நோட்ஸையும் கைப்பேசியையும் பையிலேயே வைக்கச் சொன்னேன். மேசையில் மூல நூல் மட்டும் இருந்தது. வழக்குரை காதையில் தொடங்காமல், கொலைக்களக் காதையில் அரசன் கட்டளையிடும் இடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

‘தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு
கன்றிய கள்வன் கைய தாகில்
கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’

இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை ‘கையது ஆகில்’ என்று பிரித்துப் படித்துவிட்டு நிறுத்தினார். “அம்மா, ‘ஆகில்’னு இருக்கே. இருந்தா மட்டும்தானே கொல்லச் சொல்றாரு?” என்றார். ஆம் என்றேன். “அப்ப விசாரிக்காம கொன்னுட்டாருன்னு நான் எழுதுனது?” என்று கேட்டார். அதை நூலிடமே கேட்கும்படி சொன்னேன். அதற்குச் சற்று முன்னால் ‘வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி’ என்று இளங்கோவடிகளே தம் குரலில் சொல்லியிருப்பதை அவரே கண்டுபிடித்தார். ஆராயவில்லை என்று புலவர் சொல்கிறார்; ஆனால் கட்டளையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிகளைப் படித்தால்தான் அங்கே நடப்பது விளங்குகிறது. சிலம்பு யார் கையில் இருக்கிறது, அவன் கள்வனா என்று பார்க்கவேண்டிய பொறுப்பு ஊர்காப்பாளரிடம் போகிறது. கோவலனைக் கண்ட அவர்கள் ‘கொலைப்படு மகன் அலன்’, அதாவது கொல்லத்தக்கவன் அல்லன், என்று ஐயப்படவும் செய்கிறார்கள். அந்த ஐயத்தை உள்ளே நகைத்துப் போக்குபவன், கள்வருக்குத் துணையாகும் எட்டுக் கருவிகளைப் பாடம்போல எடுத்துச் சொல்பவன், உண்மையில் தேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். கடைசியில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அன்று மாணவி எழுதிக்கொண்ட குறிப்பு இது: ‘விசாரணை நடந்தது. நடத்தியவன் திருடன்.’ பள்ளி நாள் முதல் அவர் எழுதிவந்த வாக்கியங்களில் இல்லாத ஒரு நிமிர்வு அந்தக் குறிப்பில் இருந்தது.

ஆனால் உடனே அதை முடிவாக ஏற்றுக்கொள்ளவும் நான் விடவில்லை. அதே அடியில் அவருடைய வாதத்துக்கு எதிரான சான்றும் இருந்தது: அரசன் ‘கன்றிய கள்வன்’ என்று சொல்லிவிட்டான். தேர்ந்த திருடன் என்ற தீர்ப்பு, ‘ஆகில்’ என்ற நிபந்தனை வருமுன்பே வாயிலிருந்து விழுந்துவிட்டது. தமக்கு உதவும் சொல்லை மட்டும் மேற்கோளிட்டு, அதன் பக்கத்திலேயே நிற்கும் உதவாத சொல்லை முப்புள்ளி வைத்து மறைப்பது நன்றாக எழுதத் தொடங்கும் மாணவர்களிடம் புதிதாக முளைக்கும் பிழை. சுருக்கம் எழுதும் மாணவரிடம் இது வராது. வாதம் செய்யத் தெரிந்தவரிடம்தான் வரும். ஆகவே அதைக் கண்டபோது எனக்கு ஒருவகையில் மகிழ்ச்சியும் இருந்தது. மாணவி ‘கன்றிய கள்வன்’ என்பதைச் சேர்த்துக்கொண்டபோது அவர் வாதம் வலுப்பெற்றது: வழக்குரை காதையில் அரசன் மறுபடியும் ‘கள்வனைக் கோறல்’ என்று கோவலனை அதே சொல்லால் சுட்டுகிறான், கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மணி தெறித்தபின் அந்தச் சொல் ‘யானே கள்வன்’ என்று அவனிடமே திரும்பி வருகிறது. ‘தேரான்’ என்று புலவர் சொன்ன சொல்லும், அதைக் கேட்டிராத கண்ணகியின் வாயில் ‘தேரா மன்னா’ என்று முதல் சொல்லாகவே வருகிறது. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறளை அவர் இந்த இடத்தில் நினைவுகூர்ந்தார். முதல் வரைவில் ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறள் முன்னுரையில் அலங்காரமாக நின்றது. இந்தக் குறளோ, ஆராயாமல் ஒருவனை நம்புவதையே பேசுவதால், வாதத்துக்குள் வேலை செய்தது.

அணிநயம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’ என்ற அடிக்கு முதல் வரைவில் ‘இவ்விடத்தில் ஆசிரியரின் சொல்லாட்சி வியக்கத்தக்கது’ என்று மட்டும் இருந்தது. எதை வியப்பது? வாய்முதல் என்றால் வாயினிடத்தே. “உத்தரவு போட்ட வாயிலயே போயிப் பட்டுச்சாம்மா?” என்று மாணவி கேட்டபோது அறையில் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும் அந்த அடியை நான் அப்படிப் பார்த்ததில்லை. ‘கொணர்க’ என்ற கட்டளை பிறந்த வாய்க்கே அந்தச் சிலம்பின் மணி போய்ச் சேர்வதாகப் படிக்க நூல் இடம் தருகிறது. புலவர் அதைத்தான் கருதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே ‘இப்படியும் படிக்க இடமுண்டு’ என்ற அளவில் எழுதும்படி சொன்னேன். ‘ஐயமின்றித் தெளிவாகிறது’, ‘நிரூபணமாகிறது’ என்ற சொற்கள் முதல் வரைவில் சான்று இல்லாத இடங்களிலெல்லாம் வந்திருந்தன. சான்று வந்தபிறகு அந்தச் சொற்கள் அவருக்குத் தேவைப்படவில்லை.

அன்று அவருடைய தாளின் மேல்முனையில் ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்ற அடியை எழுதிக் கொடுத்தேன். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் தும்பி என்னும் வண்டிடம் கேட்பது அது: நான் விரும்புவதைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். காதல் பாட்டின் அடியைக் கட்டுரை வகுப்புக்கு நான் இழுத்து வந்திருக்கிறேன் என்பதையும், பாடலில் அதன் பொருள் வேறு நிலையில் இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் சூழலிலிருந்து அடியைப் பிடுங்குவது நான் திருத்திக்கொண்டிருந்த பிழைகளில் ஒன்று. மதுரை மாணவர்களிடம் இந்தப் பாடலைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையையும் நக்கீரர் வாதாடிய கதையையும் எழுதுகிறார்கள்; தும்பியும் அரிவையும் கூந்தலும் இரண்டு வரிக்குள் முடிந்துவிடுகின்றன. கதை நம் ஊர்க் கோயிலோடு பிணைந்தது, அதன்மேல் பற்று இருப்பது இயல்பு. பாடல் அந்தக் கதைக்குள் இல்லை என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

கோவலன் பொட்டல்

இந்த இடத்தில் மாணவி ஒரு நேர்மையான கேள்வி கேட்டார். முதல் வரைவில், ‘கோவலன் கொல்லப்பட்ட இடம் கோவலன் பொட்டல் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது’ என்று எழுதியிருந்தார். பழங்காநத்தத்தை ஒட்டி அந்தப் பெயரில் இடம் இருக்கிறது. அவருடைய அப்பத்தா சிறு வயதில் அந்த வழியாக அழைத்துப் போகும்போதெல்லாம் இங்கேதான் கோவலனை வெட்டினார்கள் என்று சொல்வாராம். நூலில் அந்தப் பெயர் இல்லை. நூல் சொல்வது, பொற்கொல்லன் தன் இருப்பிடத்தின் அருகே காட்டிய ‘ஓர் தேவ கோட்டச் சிறையகம்’, அதாவது ஒரு கோயிலின் மதிலுக்குட்பட்ட இடம், என்பது மட்டுமே. “அப்ப அப்பத்தா சொன்னது பொய்யாம்மா?” என்று கேட்டார்.

இதற்கு விரைவாக விடை சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஊர் நினைவைப் பொய் என்று ஒதுக்கினால், இலக்கியத்தைத் தன் தெருவோடு சேர்த்து உணரும் ஒரு மாணவியிடமிருந்து அந்த உணர்வைப் பறித்தவள் ஆவேன். நூல் சொல்கிறது என்று எழுத விட்டால் நூலுக்குப் பொய் சாட்சி சொல்ல விட்டவள் ஆவேன். ஊர் வழக்கு ஒருவகைச் சான்று, நூல் இன்னொருவகைச் சான்று. எது எங்கிருந்து வந்தது என்று வாக்கியத்திலேயே தெரிய வேண்டும் என்றேன். இரண்டாம் வரைவில் அவர் இப்படி எழுதினார்: ‘கொலை நடந்த இடத்துக்கு நூல் பெயர் தரவில்லை. பழங்காநத்தம் பகுதி மக்கள் கோவலன் பொட்டல் என்று ஓர் இடத்தைச் சுட்டுகிறார்கள். என் அப்பத்தாவிடம் நான் கேட்டது. நூல் பெயர் சொல்லாமல் விட்ட இடத்துக்கு ஊர் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.’ கட்டுரையின் வாதத்துக்கு இந்தப் பத்தி இன்றியமையாதது இல்லை என்பதால் நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் வரைவு

இடைப்பட்ட நாள்களில் மாணவி புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்று நாட்டார் உரையோடு காதையைப் படித்து வந்தார். உரையின் சொற்கள் எவை, தம் சொற்கள் எவை என்று குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருந்தார். இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

இரண்டு வரைவுகளிலும் ஒரே செய்தியைச் சொல்லும் பத்திகளை இங்கே தருகிறேன். முதல் வரைவில் இருந்தது: ‘பாண்டிய மன்னன் தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல உத்தரவிட்டான். மேலும் கண்ணகி வெகுண்டெழுந்து அரண்மனைக்குச் சென்று நீதி கேட்டாள். இறுதியில் தன் தவற்றை உணர்ந்த மன்னன் உயிர் துறந்தான். இதன்மூலம் பாண்டியனின் நீதி தவறாமை தெள்ளத் தெளிவாக விளங்குகிறது.’

இரண்டாம் வரைவில் அது இப்படி ஆனது: ‘கொலைக்களக் காதையில் அரசன் இடும் கட்டளையில் ஆகில் என்ற நிபந்தனை இருக்கிறது, ஆனால் அதற்கு முன்பே கன்றிய கள்வன் என்ற முடிவும் இருக்கிறது. நிபந்தனையைச் சோதிக்கும் வேலை ஊர்காப்பாளரிடமும், அவர்கள் வழியாகப் பொற்கொல்லனிடமும் போய்விடுகிறது. வழக்குரை காதையில் அதே அரசன் வேறு விதமாக நடந்துகொள்கிறான். என் சிலம்பின் பரல் மணி என்று கண்ணகி சொன்னதும், அவள் சொன்னது நன்மொழி என்று ஏற்று, தம் சிலம்பின் பரல் முத்து என்பதைச் சிலம்பு உடையும் முன்பே தன் வாயால் சொல்லிவிடுகிறான். தான் தோற்கக்கூடிய சோதனைக்கு அவனே சம்மதிக்கிறான். முன்பு பிறரிடம் விட்ட ஆராய்ச்சியை இங்கே தானே செய்கிறான். அதன் முடிவில் கள்வன் என்ற சொல் அவனுக்கு உரியதாகிறது.’

இரண்டாவது பத்தியில் ‘நீதி’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். முதல் பத்தியில் அது இரண்டு முறை வந்தும், எது நீதி என்று நமக்குத் தெரியவில்லை. நான்காம் பக்கத்துக் கொடுங்கோலனும் ஆறாம் பக்கத்துச் செங்கோலனும் இப்போது ஒரே ஆளாகிவிட்டார்கள். எந்த இடத்தில் மாறுகிறான் என்று விரல் வைத்துக் காட்டவும் முடிகிறது. இளங்கோவடிகளின் வாழ்க்கை வரலாறு முழுவதும் போய்விட்டது. கதைச்சுருக்கம் எட்டு வரியாகக் குறைந்தது. கட்டுரை ஆறு பக்கத்திலிருந்து நான்கு பக்கமாகச் சுருங்கியதால் மதிப்பெண் குறையுமோ என்று மாணவி அஞ்சினார். பக்கத்தை எண்ணி மதிப்பெண் இடும் வழக்கத்தை நாம்தான் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ‘சென்றாள்’, ‘செல்கிறாள்’ என்று காலம் ஒரே பத்திக்குள் மாறிக்கொண்டே இருந்தது. மூன்று இடங்களில் மேற்கோளைப் போட்டுவிட்டு, அதிலிருந்து எந்தச் சொல்லையும் எடுத்துப் பேசாமல் அடுத்த செய்திக்குத் தாவிவிட்டார். முடிவுரையில் பெண்ணியம் என்ற சொல் திடீரென வந்து, இரண்டு வரியில் போய்விட்டது. கண்ணகியைப் பெண்ணியப் பார்வையில் படிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, அதற்கு நூலில் நிறைய இடம் உண்டு. கோட்பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு நூலுக்குத் திரும்பாமல் போவதைத்தான் ஏற்க முடியவில்லை. இருபத்தைந்துக்கு இருபது மதிப்பெண் கொடுத்தேன். குறைத்த ஐந்துக்கும் காரணங்களைத் தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

கடைசிப் பக்கத்தின் கீழே ஒரு கேள்வியும் எழுதினேன்: ‘கோப்பெருந்தேவி எங்கே?’ வழக்கு அவளுடைய சிலம்பைப் பற்றியது. ‘கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்’ என்று சொல்லி அவளும் அதே அவையில் விழுகிறாள். பாண்டியனின் நீதியைப் பற்றிய நான்கு பக்கங்களில் அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட மாணவி அங்கேயே நின்று அந்த அடியை இரண்டு முறை படித்தார். பிறகு, “அம்மா, சிலம்பு காணாமப் போச்சுன்னதும் அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உள்ள என்ன பரல்னு அப்பவே தெரிஞ்சிருக்குமே” என்றார். அதை நூலில் எங்கே காட்ட முடியும் என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புத்தகத்தை எடுத்துச் சென்றிருக்கிறார்.